வெயிலும் கூரையும்

1761 ஆம் ஆண்டில், அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் தமக்கு நன்கு அறிமுகமான இளம்பெண் ஒருவருக்குக் கடிதம் ஒன்று எழுதினார். தாம் முன்பு செய்து பார்த்த எளிய சோதனை ஒன்றை அக்கடிதத்தில் அவர் விளக்கியிருந்தார். தையற்காரரிடம் இருந்த மாதிரித் துணிகளிலிருந்து கறுப்பு, கருநீலம், இளநீலம், பச்சை, சிவப்பு, மஞ்சள், வெள்ளை எனப் பல நிறத் துண்டுகளை அவர் எடுத்துக்கொண்டார். வெயில் நன்றாக எறித்த ஒரு காலைப் பொழுதில் அவற்றை வெண்பனியின்மேல் பரப்பி வைத்தார். சில மணி நேரம் சென்றபின் பார்த்தபொழுது, கறுப்புத் துணி பனிக்குள் மிக ஆழமாகப் புதைந்து கிடந்தது. கருநீலத் துணி அதற்கு அடுத்தபடியாக இறங்கியிருந்தது. வெளிறிய நிறத் துணிகள் சிறிதளவே அமிழ்ந்திருந்தன. வெள்ளைத் துணியோ வைத்த இடத்தில் வைத்தபடியே பனியின் மேற்பரப்பில் இருந்தது. கறுப்புத் துணி வெயிலை உட்கொண்டு சூடேறி, அச்சூட்டால் அடியிலிருந்த பனியை உருக்கிற்று. வெள்ளைத் துணி தன்மேல் விழுந்த வெயிலைத் திருப்பி அனுப்பிவிட்டது.

சோதனை செய்ததோடு பிராங்க்ளின் நின்றுவிடவில்லை. வெப்ப நாடுகளில் வெயிலில் நடந்தும் உழைத்தும் வாழவேண்டிய படைவீரர்களுக்கும் மாலுமிகளுக்கும் வெள்ளை உடையே ஏற்றது என்றும் எழுதினார். உடுக்கும் உடைக்குப் பொருந்துவது குடியிருக்கும் வீட்டிற்கும் பொருந்தும் அன்றோ? ஆயினும், உடையின் நிறத்தைப்பற்றி எண்ணிய அளவிற்குக் கூரையின் நிறத்தைப்பற்றிப் பல நாடுகளில் மக்கள் நெடுங்காலம் எண்ணவில்லை.

தமிழ்நாட்டில் பொங்கல் நெருங்கும்பொழுது வீட்டிற்கு வெள்ளையடிப்பது பழைய வழக்கம். சுவர்கள் பளிச்சென்று விளங்கும். ஆனால், அவ்வெள்ளை பெரும்பாலும் சுவரோடு நின்றுவிடுகிறது, மொட்டைமாடிக்கு ஏறுவதில்லை. இது சற்று வியப்பிற்கு உரியதே. கோடை நண்பகலில் கதிரவன் தலைக்கு நேராக நிற்பான். சென்னையில் ஏப்ரல் மாத இறுதியிலும் ஆகஸ்டு மாத நடுப்பகுதியிலும் நண்பகலில் நட்டு வைத்த கோலுக்கு நிழலே இராது. அப்பொழுது வெயில் சுவர்களைச் சாய்வாகத் தடவிச் செல்லும். முழுச் சுமையையும் தாங்குவது கூரையே. ஆகவே, சுவரின் வெண்மை கண்ணுக்கு அழகு தருகிறதேயன்றி, வீட்டிற்குள் இருப்பவர்க்கு வேண்டிய அளவு குளிர்ச்சி தருவதில்லை.

அச்சுமை எவ்வளவு என்பதைக் கணக்கிட்டு அறியலாம். முகில் இல்லாத கோடை நண்பகலில் ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல் ஏறத்தாழ 1,000 வாட் அளவுள்ள கதிராற்றல் விழுகிறது. 6 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் உடைய ஒரு சிறு வீட்டின் கூரைப் பரப்பு 30 சதுர மீட்டர். எனவே, அக்கூரை பெறுவது 30,000 வாட். மின் இஸ்திரிப் பெட்டி ஒன்று 1,000 வாட் ஆற்றலை ஏற்பது எனக் கொண்டால், முப்பது பெட்டிகளைச் சூடேற்றிக் கூரைமேல் பரப்பி வைத்ததற்கு இஃது ஒப்பாகும். சாம்பல் நிறக் கான்கிரீட் கூரை, தன்மேல் விழும் வெயிலில் மூன்றில் ஒரு பங்கையே திருப்பி அனுப்பும். எஞ்சிய இரு பங்கையும் உட்கொள்ளும். அஃதாவது, 20,000 வாட் அதனுள் செல்லும். தார் பூசிய கறுப்புக் கூரை நூற்றில் தொண்ணூறு பங்கிற்கு மேலும் உட்கொள்வது உண்டு. புதிதாகப் பூசிய நல்ல வெண்பூச்சோ நூற்றில் எண்பது பங்கைத் திருப்பிவிடும். கூரை ஏற்பது 6,000 வாட் மட்டுமே. கூரை உட்கொண்டது முழுவதும் வீட்டிற்குள் இறங்கிவிடுவதில்லை. ஒரு பகுதியைக் காற்று வாரிக்கொண்டு போகும். மற்றொரு பகுதி வெப்பக் கதிராக வானுக்குத் திரும்பும். எனினும், வேறுபாடு பெரியது. கறுப்புக் கூரையின் மேற்பரப்பு 65 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும் வெயிலில், வெண்கூரை அதைவிட 25 டிகிரிக்கு மேலும் குறைந்து இருத்தல் கூடும்.

இவ்வேறுபாடு மக்கள் உயிரோடு தொடர்புடையது என்பதை அகமதாபாத் நகரம் நன்கு உணர்ந்தது. குஜராத் மாநிலத்தில், சபர்மதி ஆற்றங்கரையில், கடகக் கோட்டிற்குச் சற்றே தெற்கில் அமைந்த பெருநகரம் அது. பஞ்சாலைகளால் புகழ் பெற்றது. 2010 ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்நகரத்தை அனல் சூழ்ந்தது. மே 21 ஆம் நாள் வெப்பநிலை 46.8 டிகிரி செல்சியஸை எட்டிற்று. அம்மாதத்தில் இறந்தோர் தொகையை, அதற்கு முன்னும் பின்னும் வந்த ஆண்டுகளின் மே மாதத் தொகையோடு பின்னர் ஆய்வாளர் ஒப்பிட்டுப் பார்த்தனர். வழக்கத்திற்கு மேல் 1,344 பேர் இறந்திருந்தனர். புயலும் வெள்ளமும் ஆரவாரத்தோடு வருவன. மரங்களைச் சாய்த்தும் வீடுகளை இடித்தும் தம் வரவைக் காட்டுவன. வெப்பம் அவ்வாறு வருவதன்று. அடைத்த அறைகளிலும் தகரக் கொட்டகைகளிலும் முதியோரும் நோயாளரும் ஒருவர்பின் ஒருவராக ஓசையின்றி மாய்வர். கணக்கெடுத்த பின்னரே இழப்பின் அளவு தெரியவரும்.

அதே கோடையில் அந்நகரத்து மருத்துவமனை ஒன்றில் நிகழ்ந்தது குறிப்பிடத்தக்கது. பிறந்து சில நாட்களே ஆன குழந்தைகள் பல, வேறு நோய் இன்றியே கடும் உடற்சூட்டினால் துன்புற்றுத் தீவிர மருத்துவப் பிரிவில் சேர்க்கப்பட்டன. பச்சிளங்குழந்தையின் உடல், வியர்வையால் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் ஆற்றலை முற்றப் பெற்றிருப்பதில்லை. தாகம் எடுத்தால் அழுமேயன்றி வாய்விட்டுக் கேட்க இயலாது. அம்மருத்துவமனையில் தாயும் சேயும் தங்கியிருந்த மகப்பேற்றுப் பிரிவு கட்டடத்தின் மேல்தளத்தில் இருந்தது. அதற்கு மேல் கறுப்புத் தார் பூசிய கூரை. குழந்தைகளின் துன்பத்திற்குக் காரணம் தலைக்குமேல் இருப்பதை உணர்ந்து, அப்பிரிவைக் கீழ்த்தளத்திற்கு மாற்றினர். பின்னர் மருத்துவப் பதிவேடுகளை ஆராய்ந்தபொழுது இரண்டு உண்மைகள் புலப்பட்டன. வெப்பநிலை 42 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும், வெப்பத்தால் துன்புற்றுச் சேர்க்கப்படும் குழந்தைகளின் எண்ணிக்கை 43 விழுக்காடு பெருகியது. பிரிவு கீழே இறங்கியதால் அவ்வெண்ணிக்கை 64 விழுக்காடு குறைந்தது. ஒரே நகரம், ஒரே கட்டடம், ஒரே வெயில். மாறியது கூரைக்கும் கட்டிலுக்கும் இடையே உள்ள தொலைவு மட்டுமே.

மருத்துவமனைக்குக் கீழ்த்தளம் இருந்தது. குடிசைக்குக் கீழ்த்தளம் ஏது? அகமதாபாத்தின் ஏழைக் குடியிருப்புகளில் ஓர் அறையே வீடு. அதன்மேல் தகரமோ கல்நார்த் தகடோ கான்கிரீட்டோ கூரையாக அமைந்திருக்கும். அவ்வறையிலேயே பெண்கள் துணி தைப்பர், ஊதுவத்தி உருட்டுவர், பட்டம் ஒட்டுவர். ஆடவர் வெளியில் வேலைக்குச் சென்றால் மர நிழலிலேனும் சற்றே ஒதுங்கலாம். வீடே தொழிற்கூடமாக உள்ள பெண்ணுக்கு அவ்வாய்ப்பும் இல்லை. மின்விசிறியைச் சுழலவிட்டாலும், அது கூரையின் அடியில் தேங்கிய அனலையே கீழே தள்ளும். வெப்பத்தால் கை சோர்ந்தால் தைக்கும் துணி குறையும். துணி குறைந்தால் கூலி குறையும்.

தகரமும் கான்கிரீட்டும் ஒரே வகையில் துன்புறுத்துவன அல்ல. மெல்லிய தகரம் வெயில் பட்டவுடன் சூடேறும். கதிரவன் மறைந்தவுடன் ஆறிவிடும். கான்கிரீட் தளமோ பருமனானது. பகல் முழுதும் அது வெப்பத்தைச் சிறிது சிறிதாகத் தன்னுள் சேர்த்து வைக்கும். மேற்புறத்தில் ஏறிய சூடு அடிப்புறத்தை வந்தடையச் சில மணி நேரம் ஆகும். அதனால், வெளியே மாலைக் காற்று வீசத் தொடங்கிய பின்னரே அறைக்குள் தளம் அனலை உமிழத் தொடங்கும். பகலெல்லாம் உழைத்தவர் படுத்து இளைப்பாறும் நேரத்தில் உடல் ஆறுவதற்கு இடமின்றிப் போகிறது. வெப்பத்தின் தீமை இரவு உறக்கத்தைக் கெடுப்பதனால் மேலும் கூடுகின்றது.

2010 ஆம் ஆண்டின் இழப்பு நகராட்சியாரை விழிப்படையச் செய்தது. காந்திநகரில் உள்ள பொதுச் சுகாதார நிறுவனத்தாரும் பிறரும் துணைநிற்க, 2013 ஆம் ஆண்டில் அகமதாபாத் மாநகராட்சி வெப்பத் தடுப்புத் திட்டம் ஒன்றை வகுத்தது. தெற்காசியாவில் ஒரு நகரம் இத்தகைய திட்டம் வகுத்தது அதுவே முதன்முறை. வெப்பம் மிகுவதை முன்கூட்டி அறிவித்தல், குடிநீர் வழங்குதல், மருத்துவர்க்குப் பயிற்சி அளித்தல் முதலியன அதில் அடங்கும். 2017 ஆம் ஆண்டில் கூரைகளின் பக்கம் கவனம் திரும்பியது. ஏழை மக்களின் வீடுகளில் ஏறத்தாழ 3,000 கூரைகளுக்குச் சுண்ணாம்பு பூசும் பணி மேற்கொள்ளப்பட்டது. குஜராத்தில் உடைந்த வெள்ளைப் பீங்கான் ஓட்டுத் துண்டுகளை மாடித் தளத்தில் பதிக்கும் வழக்கமும் உண்டு. பொருள் வசதி உள்ளோர் பின்பற்றிய முறை அது. சுண்ணாம்போ எவர்க்கும் எட்டும் பொருள்.

இந்தியாவில் இத்தகைய கூரைகளை ஆராய்ந்தோர், வீட்டின் உள்வெப்பம் 2 முதல் 5 டிகிரி வரை குறைவதாகக் கண்டுள்ளனர். ஐந்து டிகிரி சிறிதாகத் தோன்றலாம். ஆனால், மனிதத் தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 35 டிகிரி என்பதை இங்கு நினைவிற் கொள்ளுதல் வேண்டும். சுற்றியுள்ள காற்று அதைவிடக் குளிர்ந்திருந்தால், உடல் தன் வெப்பத்தை எளிதில் வெளியேற்றும். காற்று அதைவிடச் சூடானால், வெப்பம் வெளியிலிருந்து உடலுக்குள் புகும். அதன்பின் உடலுக்கு வியர்வை ஒன்றே துணை. 38 டிகிரி வெப்பமுள்ள அறை 34 டிகிரிக்கு இறங்கினால், அறை அந்த எல்லையைத் தாண்டி மறுபக்கம் வந்துவிடுகிறது.

வெண்மை ஒன்றே போதும் என எண்ணுதலும் தவறு. பளபளக்கும் புதுத் துத்தநாகத் தகடு வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புவதுதான். எனினும், நண்பகலில் அதன்மேல் கை வைக்க இயலாது. காரணம் யாதெனின், சூடான பொருள் யாவும் தம் வெப்பத்தைக் கண்ணுக்குப் புலனாகாத கதிராக வெளிவிடுகின்றன. பளபளப்பான உலோகம் இச்செயலில் மிகவும் பின்தங்கியது. அது ஏற்பது சிறிதாயினும், ஏற்றதை எளிதில் விடுவதில்லை. கஞ்சனிடம் சேர்ந்த காசு போல வெப்பம் அதனிடம் தங்கிவிடுகிறது. சுண்ணாம்பும் வெண்பூச்சும் அவ்வாறல்ல. வெயிலைத் திருப்புவதிலும் அவை சிறந்தவை. உட்புகுந்த சிறிதளவு வெப்பத்தை வானுக்கு உமிழ்வதிலும் சிறந்தவை. ஆதலின், பளபளக்கும் தகரத்தின்மேலும் வெண்பூச்சுப் பூசுவது பயன் உடையதே.

வானுக்கு வெப்பத்தை உமிழ்வதால் எவ்வளவு குளிர்ச்சி விளையும் என்பதற்கு அலகாபாத்தின் பழைய தொழில் ஒன்று சான்று. பனிக்கட்டி செய்யும் எந்திரம் தோன்றாத காலத்தில், குளிர்கால இரவுகளில் அங்கே ஆழமில்லாத மண்தட்டுகளில் நீர் நிரப்பி, வைக்கோல் முதலியன பரப்பிய குழிகளில் திறந்த வானத்தின்கீழ் வைப்பர். காற்று உறையும் அளவிற்குக் குளிராத இரவுகளிலும், விடியற்காலையில் தட்டுகளில் பனிக்கட்டி படிந்திருக்கும். சர் இராபர்ட் பார்க்கர் என்பவர் 1775 ஆம் ஆண்டில் இதனை விரித்து எழுதியுள்ளார். நீர் சிறிது ஆவியாவதும் இதற்குத் துணைசெய்தது. ஆயினும், தெளிந்த வானை நோக்கி நீர் இழந்த வெப்பமே முதன்மையான காரணம். அலகாபாத்தின் மண்தட்டு இரவில் செய்த வேலையை வெண்கூரை பகலிலும் செய்கின்றது.

கதிரவன் ஒளியில் கண்ணுக்குப் புலனாவது பாதிக்கும் குறைவே. அவன் அனுப்பும் ஆற்றலில் நூற்றில் ஐம்பது பங்கிற்குச் சற்று மேல், சிவப்பு நிறத்திற்கு அப்பால் உள்ள அகச்சிவப்புக் கதிர்களாக வருகின்றது; ஐந்து பங்கு புற ஊதாக் கதிர். ஆகவே, கண்ணுக்கு ஒரே நிறமாகத் தோன்றும் இரு பூச்சுகள் வெயிலில் வெவ்வேறு அளவு சூடேறக் கூடும். மரத்தின் இலை பச்சையாகத் தோன்றினும், தன்மேல் விழும் அகச்சிவப்புக் கதிர்களில் பாதி அளவைத் திருப்பிவிடுகின்றது. இவ்வியல்பை ஒட்டி, செந்நிறமாகவோ பழுப்பாகவோ தோன்றியும் அகச்சிவப்பைத் திருப்பும் வண்ணங்களை அறிஞர் ஆக்கியுள்ளனர். ஓட்டுக் கூரையின் செந்நிறத்தை விட மனமில்லாதார்க்கு இவை உதவும்; எனினும், வெண்மைக்கு இவை ஈடாகா.

வெண்மையிலும் ஏற்றத்தாழ்வு உண்டு. கடைகளில் விற்கும் வெண்பூச்சுகளில் பெரும்பாலும் கலக்கப்படுவது டைட்டேனியம் டை ஆக்சைடு. அது புற ஊதாக் கதிரை விழுங்கிவிடும். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார் அதற்கு மாறாகப் பேரியம் சல்பேட்டைப் பலவேறு பருமனுள்ள நுண்துகள்களாகக் கலந்து, 2021 ஆம் ஆண்டில் வெயிலில் 98.1 விழுக்காட்டைத் திருப்பும் பூச்சு ஒன்றை உருவாக்கினர். நல்ல வெயிலிலும் அது சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்திருந்தது.

வெண்கூரையை வேறு காரணத்தால் கைக்கொண்டோரும் உண்டு. அட்லாண்டிக் பெருங்கடலில் உள்ள பெர்முடாத் தீவுகளில் ஆறும் இல்லை, ஏரியும் இல்லை. மழைநீரைக் கூரையில் பிடித்து நிலவறைத் தொட்டியில் சேர்ப்பதே அம்மக்களின் வாழ்வு. சுண்ணாம்புக் கல்லால் வேய்ந்த தம் கூரைகளுக்கு அவர்கள் வழிவழியாகச் சுண்ணாம்பு பூசி வந்தனர். நீரைத் தூயதாக வைத்தற்கு அடித்த வெள்ளை வீட்டையும் குளிர்வித்தது. ஸ்பெயின் நாட்டு அல்மேரியாவில் பல்லாயிரம் ஏக்கர் நிலத்தில் உழவர்கள் காய்கறிகளைப் பிளாஸ்டிக் கூடாரங்களுக்குள் வளர்க்கின்றனர். கோடையில் செடிகள் வாடாதிருக்க அக்கூடாரங்களுக்கு வெள்ளையடிப்பர். 1983 முதல் 2006 வரையிலான பதிவுகளை ஆராய்ந்தபொழுது, சுற்றுப்புறம் சூடேறி வந்த அக்காலத்தில் அப்பகுதி மட்டும் பத்து ஆண்டிற்கு 0.3 டிகிரி வீதம் குளிர்ந்து வந்தது தெரிந்தது. தனி வீட்டின் வெண்கூரை அவ்வீட்டாரைக் காக்கும். ஊரெல்லாம் வெண்கூரையாயின் ஊர்க்காற்றே மாறும். குளிர்சாதனப் பெட்டி இதற்கு நேர்மாறானது; அது தன் அறையின் வெப்பத்தைத் தெருவில் கொட்டும்.

வெண்கூரையால் ஆகாதவையும் உள. பல அடுக்குக் கட்டடத்தில் அதன் பயன் மேல்தளத்தாரையே பெரிதும் சேரும். சன்னல் இல்லாத அறையைக் காற்றோட்டம் உடையதாக அதனால் ஆக்க முடியாது. குளிர் மிகுந்த நாடுகளில் குளிர்காலத்தில் கிடைக்கும் சிறிதளவு வெயிலையும் அது தடுத்துவிடும். உயர்ந்த கட்டடங்களில் உள்ளோர்க்குக் கண் கூசுதலும் உண்டு.

தெலங்கானா மாநில அரசு 2023 ஆம் ஆண்டில் குளிர்கூரைக் கொள்கை ஒன்றை அறிவித்தது. அதன்படி, அரசுக் கட்டடங்களுக்கும் வணிகக் கட்டடங்களுக்கும் குளிர்கூரை கட்டாயம்; 600 சதுர கெசமும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் எழும் வீடுகளுக்கும் கட்டாயம். அதனினும் சிறிய மனைகளில் அஃது உரிமையாளர் விருப்பம். வீடு சிறியதாகுந்தோறும் வெயிலின் கொடுமை பெரிதாகும் என்பதை நோக்க, சட்டம் எட்டாத அச்சிறு கூரைகளுக்கு அகமதாபாத்தில் நிகழ்ந்தது போன்ற பொதுப்பணியே கைகொடுக்க வேண்டும்.

பூசியபின் மறந்துவிட்டால் பூச்சு பயன் தராது. தூசியும் புகைக்கரியும் பாசியும் படியப் படிய வெண்மை மங்கும். நூற்றில் எண்பது பங்கைத் திருப்பிய கூரை சில ஆண்டுகளில் அறுபது பங்கிற்கு இறங்கிவிடும். கழுவித் துடைத்தால் இழந்ததில் பெரும்பகுதி மீளும். வெறும் சுண்ணாம்பு மழையில் கரைந்து போவது. ஒட்டும் பசை சேர்த்துப் பூசினால் சற்று நீடிக்கும். எவ்வாறாயினும், ஆண்டுதோறும் அதனைப் புதுப்பிக்க வேண்டும். நீர்த்த சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பெருந்தீங்கு விளையும் ஆதலின், பூசுவோர் கண்ணை மறைத்துக்கொள்ளுதல் இன்றியமையாதது. பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்ல மெல்ல இறுகும். அதற்கு மழையற்ற நாட்கள் வேண்டும். தமிழ்நாட்டுக் கரையோரத்தில் வடகிழக்குப் பருவமழை டிசம்பரில் ஓய்கின்றது. கோடை மார்ச்சில் தொடங்குகின்றது. சுவருக்குச் சுண்ணாம்பு குழைக்கும் பொங்கற் காலம் இவ்விரண்டிற்கும் இடையில் அமைந்துள்ளது. அந்நாட்களில் மாடிக்கும் சில வாளிகள் சேர்த்துக் குழைத்தால், பூச்சு நன்றாக இறுகிய பின்னரே கோடை வெயில் அதன்மேல் வந்து விழும்.